பைற்ஸுக்குப் போன கதை

"என்ன வாசிக்கப் போறாங்கள் எண்டு அவங்களுக்கே தெரியாதாம். அதைக் கேக்கவோ இவ்வளவு தூரம் போறியள்?" மனைவி சிரித்தாள். டோர்ட்முண்டிலிருந்து பைற்ஸுக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர்.

பைற்ஸ், கொட்புஸுக்குப் பக்கத்தில் மீன் குளங்கள் சூழ்ந்த சின்ன ஊர். கிழக்கு ஜேர்மனிக் காலத்தில், 1973இல், உலி புளோபல், பீற்றர் மெற்றாக் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே ஜாஸ் கச்சேரிகளைத் தொடங்கினார்கள். எழுதி வைக்காமல் மேடையிலேயே பிறக்கிற இசைதான் அங்கே பேர்போனது. மேற்கே போக மதில் விடாது. அதனால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து இளசுகள் ரயிலிலும், வழியில் கார் மறித்தும் பைற்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். 1982இல் அரசு அதைத் தடை செய்தது.

அதே 1982இல்தான் மேற்கு ஜேர்மனியில் புதிய அகதிச் சட்டம் வந்தது. தஞ்சம் கேட்டவர் தனக்குக் குறித்த எல்லையைத் தாண்ட அனுமதி எடுக்க வேண்டும். எங்களில் பலரைப் போல நானும் 1985இல் கிழக்கு பேர்லின் வழியாகத்தான் மேற்கே வந்தேன். பக்கத்து மாவட்டத்தில் நண்பனின் கல்யாணம். அனுமதி கிடைக்கவில்லை, போகவில்லை. அவன் இப்போது உயிரோடு இல்லை.

2011இல் பைற்ஸ் விழா மீண்டும் தொடங்கியது. சில வருடம் கழித்து நானும் போனேன். பக்கத்தில் நரைத்த தலைகள். அன்று கார் மறித்து வந்தவர்களாம். சக்சபோன் நினைத்த பக்கமெல்லாம் திரும்பியது. வழியில் ஒருவரும் என்னிடம் கடிதம் கேட்கவில்லை.

மனைவிக்கு இதுதான் பதில்.