கருவிழிக்குப் பிளேடு

அரியலூர்க் கடைத்தெருவில் நான் எடுபிடியாகச் சேர்ந்த ஸ்டூடியோவில் முதல் ஆறு மாதம் எனக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலைதான். 1983. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீரை நாலு தடவை கொதிக்கவைத்தால் பாத்திரத்துக்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பூமிக்கு அடியில் அவ்வளவு சுண்ணாம்பு. அதே தண்ணீரில் ஃபிலிமைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டால், காய்ந்த ஒவ்வொரு துளியும் வட்டமாக ஒரு தழும்பை விட்டுப்போகும். அது கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் விழுந்துவிட்டால் அம்மை போட்ட முகம்தான். அதனால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுத் தாழ்வாரத்தில் தகரத்தை வளைத்துக் கட்டிப் பிடித்து, பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டி, பீங்கான் ஜாடிகளில் மூடி வைக்க வேண்டும். பங்குனி வரைக்கும் வர வேண்டும். ஒருநாள் அதில் ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவிவிட்டேன். மாஸ்டர் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் கடல். ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பக்கமெல்லாம் சுற்றியலைந்து, 1862-ல் வெளியான அறிக்கையில் எங்கள் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். கடைத்தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஊர்ப்பெயர் உலகத்துப் புவியியல்காரர்களின் வாயில் ஏறியது அப்படித்தான். அவருக்குப் பின்னால் ஸ்டோலிச்கா என்பவர், எங்கள் ஓடைகளில் கிடக்கிற நத்தைக் கல்லையும் சிப்பிக் கல்லையும் பக்கம் பக்கமாக வரையவைத்துப் புத்தகம் போட்டார். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டருக்குமேல் நீளமான ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுசொன்னது. இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் மண்ணில் கல்லுக்குத்தான் முதலில் படம் கிடைத்தது. மனுஷனுக்கு ரொம்ப நாள் கழித்து.

கேமராவும் இந்தப் பக்கம் கல்லைத் தேடித்தான் வந்தது. சென்னை மாகாண அரசு சம்பளத்துக்கு வைத்திருந்த போட்டோகிராபர், கேப்டன் லினியஸ் டிரைப், 1858-ல் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போனார். மெழுகு ஊட்டிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 படமாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும். டிரைப் அதன்மேல் சாயம் தொட்டு மேகம் வரைந்தார்; மரத்துக்கு இலைகூட வைத்தார். ஆக, டச்சிங் என்பது கடைத்தெரு ஸ்டூடியோக்காரன் கண்டுபிடித்த ஏமாற்று வேலை என்று என்னிடம் யாராவது சொன்னால், கேப்டனைக் கேளுங்கள் என்பேன். அடுத்த வருஷமே புதிய கவர்னர் டிரெவெல்யன், இவ்வளவு செலவு ஆகாது என்று அந்த வேலையை மூடிவிட்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கேமரா கொஞ்சம் பிந்திவிட்டது. ராஜேந்திரன் கட்டிய கோயிலின் மதிலைப் பிரித்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள், அணை 1836. போட்டோ என்ற சமாச்சாரமே உலகத்துக்குத் தெரிந்தது 1839-ல். மூன்றே வருஷம். மதிலோடு அந்தக் கோயில் எப்படி நின்றது என்பதற்கு ஒரு படம்கூட இல்லாமல் போனது இதனால்தான்.

மாஸ்டருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. அவரிடம் மரப்பெட்டி ஹாஃப் பிளேட் கேமரா ஒன்று, யாஷிகா ஒன்று, படிக்கட்டும் பூந்தொட்டியும் எழுதிய ஒரு திரை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் ராமநவமித் திருவிழா என்றால் அந்தத் திரையைச் சுருட்டிக்கொண்டு போய்க் கொட்டகை போடுவோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறப்பார்கள். முடியிறக்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் கூட்டத்துக்காக அந்த இரண்டு நாளும் அங்கே. ஆனால் கடைக்குச் சோறு போட்டது சாவு.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது விளங்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் ஊர்க் கிழவிகள் கடைசிவரை கேமரா முன்னால் நிற்கமாட்டார்கள். போன பிறகு மகன்களுக்கு நினைப்பு வரும், ஆத்தா முகம் ஒன்றுகூட இல்லையே என்று. விடியும் முன்னால் சைக்கிளில் ஆள் வந்து கதவைத் தட்டுவான். பெட்டியைக் கேரியரில் கட்டி, அதன் முக்காலியை நான் தோளில் வைத்துக்கொண்டு போவோம். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டி, துண்டு தெரியாமல் மாலையைப் போட்டிருப்பார்கள். நாடிக்கட்டும் நெற்றிக்காசும் அப்படியே இருக்கும். மாஸ்டர் எடுக்கும் முன் நாடிக்கட்டை அவிழ்க்கச் சொல்வார். "வாய் தொறந்துக்குங்க" என்பார்கள். "தொறக்கட்டும், நான் மூடிக்கிறேன்" என்பார்.

மூடுவதும் திறப்பதும் ராத்திரிதான். கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் பல்பை எரியவிட்டு, நெகட்டிவை அதில் சாத்திவைத்து உட்காருவார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சில் தீட்டிய இடம் படத்தில் வெளுப்பாக வரும். பிளேடால் சுரண்டிய இடம் கறுப்பாக வரும். மூடிய இமைமேல், கண்ணின் வெள்ளைக்குப் பென்சில், கருவிழிக்குப் பிளேடு. அரைப் பிளேடை மூங்கில் குச்சியில் செருகி நூல் சுற்றி வைத்திருப்பார். ஒரு கண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கை ஒரு முடி அளவு தவறினால் ஃபிலிம் கிழிந்துவிடும், திரும்ப எடுக்கப் பிணம் இருக்காது. முடிந்ததும் கருவிழிக்குள் பென்சில் முனையால் ஒரே ஒரு புள்ளி வைப்பார், வெளிச்சம் பட்ட மாதிரி. அந்தப் புள்ளியில்தான் ஆத்தாவுக்கு உயிர் வரும்.

"கண்ணு யார் சாயல்ல போடுறீங்க மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூத்த பொண்ணு அழுதுக்கிட்டு நின்னுச்சுல்ல, அத நல்லா பாத்துக்கிட்டேன்."

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. அதை யாரும் காசு கொடுத்துக் கேட்டதில்லை. சாவு வீட்டில் சொந்தபந்தங்களை யாஷிகாவில் எடுப்பார். 120 ரோலில் 12 படம். எட்டோ ஒன்பதோ எடுத்து முடித்ததும், பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பவர்களிடம் போவார். தீயில் தோலைக் காட்டும் கை, பீடி பற்றவைக்கும் முகம், மடித்துக் கட்டிய லுங்கியோடு குந்தியிருக்கும் சின்னப் பையன். கேட்டால், "ரோலு மிச்சம் இருந்துச்சு" என்பார். சாவு வீட்டுக்காரர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டமாட்டார். அந்த ஆட்கள் கடைக்கு வந்தால் போஸ்ட்கார்டு சைஸில் ஒன்று போட்டுக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வந்தவர்கள் குறைவு.

உயிரோடு இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் படம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் யாரோ கேட்டதற்காக. 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தபோது மனுவில் ஒட்ட. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் பெரம்பலூரைச் சுற்றியும் துபாய், சவூதி என்று கிளம்பியபோது பாஸ்போர்ட்டில் ஒட்ட. போன பிறகு மனைவியும் பிள்ளையும் வந்து குடும்பப் படம் எடுப்பார்கள்; அவன் அங்கிருந்து அனுப்பிய படத்தை வெட்டி, நடுவில் விட்ட இடத்தில் ஒட்டி, மறுபடியும் எடுத்துக் கொடுப்போம். வெயில் ஒரு பக்கமிருந்து அவன்மேல் விழும், இன்னொரு பக்கமிருந்து இவர்கள்மேல் விழும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. 1993-ல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் எல்லா வாக்காளருக்கும் படம் போட்ட அட்டை என்று உத்தரவிட்டார். நானும் ஒரு காண்டிராக்டருக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் முகங்களைப் பிடித்தேன். ஒரு முகத்துக்கு அரை நிமிஷம். "நிமிருங்க, அடுத்து." என் ஊர் ஜனங்களில் பாதிப் பேருக்கு உயிரோடு எடுத்த முதல் படம் நான் எடுத்ததுதான், அத்தனை பேரும் திருடன் மாதிரி முழிக்கிறார்கள். காண்டிராக்டர் கடைசித் தவணையைத் தரவே இல்லை. அந்தப் படங்களுக்கு அது சரியான கூலிதான்.

வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு எங்கள் பக்கம் ஓடிவந்ததும் சாவுக்குத்தான். 1956 நவம்பர் 23-ல் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, சுமார் 150 பேர் போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அரியலூர்க்காரர் ஒருவரின் முகம் தமிழ்நாடு முழுக்கச் சுவரில் ஒட்டப்பட்டது 2017 செப்டம்பரில், நீட்டால் டாக்டர் படிப்பு கிடைக்காமல் உயிரை விட்ட குழுமூர் அனிதாவுடையது. பிளஸ் டூவில் அவ்வளவு மார்க் வாங்கியபோது அந்தப் பெண்ணை எத்தனை பேர் படம் எடுத்தார்கள்?

அதே வருஷம்தான் ‘கக்கூஸ்’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். மலக்குழியில் இறங்குகிறவர்களைப் பற்றியது. ஒளிப்பதிவு மதுரைக்காரர் எம். பழனிக்குமார். அம்மா மீன் விற்றவர். பின்னால் அந்த அம்மாவையே சந்தையில் வைத்து அவர் எடுத்த படங்களைப் பார்த்தேன். 2022-ல் தயானிதா சிங் – பாரி விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது அது அவருக்குப் போனது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். யாரிடமும் தொழில் படிக்காதவர். கூவாகம் திருவிழாவுக்கு வந்த திருநங்கையரை லாட்ஜ் அறைக்குள், அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுத்தார். கொரோனா ஊரடங்கில் சொந்த வீட்டுக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். இவர்கள் படங்களில் ஆட்கள் கேமராவைப் பார்க்கும் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். வேப்பமரத்தடிதான். மாஸ்டரிடம் மிச்ச ரோலில் மூன்று படம் இருந்தது. இவர்கள் முழு ரோலையும் அங்கேயே செலவழிக்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலை என்ன என்று தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்; கல்யாண ஆர்டரை விட்டுவிட்டு அடுத்தவன் பசியை எடுக்கப் போகிறவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

நான் விடவில்லை. பெரம்பலூரில் கடை போட்டு, ட்ரோன் வரை வாங்கியாயிற்று. இன்றைக்கு மாப்பிள்ளை, பெண்ணைக் காரை என்ற ஊருக்கு அழைத்துப் போகிறோம். அங்கே மழை அரித்து அரித்து, மரம் மட்டை இல்லாமல் பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற பழைய கடல்மண்ணில் பெண் நீள கவுனை இழுத்துக்கொண்டு நடக்கிறது. மறுபடியும் கல். கவுனின் நுனியைத் தூக்கிவிட்டுவிட்டு ஃபிரேமுக்கு வெளியே ஓடுகிற பையன் பக்கத்து ஊர்க்காரன். அவனை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கார்டில் இடம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

மாஸ்டர் 2006-ல் போனார். அவர் மகனுக்குத் தொழிலில் நாட்டமில்லை. ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவன் திருச்சியிலிருந்து வந்து, நாலு கோணி நெகட்டிவை எடை போட்டு வாங்கிப் போனான். கண்ணாடி நெகட்டிவ்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சாமி படத்துக்குப் பிரேம் போட ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடிச் சேமிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தபோது, வேப்பமரத்து ஆட்கள் எல்லாரும் உருகிக் கொலுசாகியிருப்பார்கள்.

போன மாசம் செந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு படத்தோடு வந்தார். ஓரம் செல்லரித்த ஹாஃப் பிளேட் பிரிண்ட்.

"அப்பாயி படம்ணே. அப்பா தன் படத்த அது பக்கத்துலயே வைக்கச் சொல்லிட்டுப் போனாரு. பெருசு பண்ணணும், கலர் ஏத்தணும். கண்ணைப் பாருங்க, அப்படியே நம்மளப் பாக்குற மாதிரியே இருக்கும்."

மாலைக்கு அடியில் துண்டின் முடிச்சு லேசாகத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஸ்கேன் போட்டுப் பெரிதாக்கினேன். கருவிழி என்று தெரிந்தது ஏழெட்டுக் குறுக்குக் கோடு. வெள்ளையில் பென்சில் தீற்றல். நடுவில் அந்தப் புள்ளி, வலது கண்ணில் கொஞ்சம் இடதாகத் தள்ளி. அன்றைக்கு மாஸ்டருக்கு இருமல் இருந்திருக்கும். புடவையில் செல்லரித்த இடத்தை நிரப்பினேன். முடிச்சை அழித்தேன். சுண்ணாம்புத் தழும்பு ஒன்று நெற்றியில் இருந்தது, கடைசி அலசலில் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நானாகத்தான் இருக்கும். அதையும் எடுத்தேன். கண்ணைத் தொடவில்லை.