கீழ்ப்பாக்கத்தில் ரொட்டி, நெதர்னில் ஓவியம்

எங்க நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மனநோய்க்கு ஒரே சொல்தான்: கோட்டி. சும்மா கேலி பண்ணவும் அதுதான், நிஜமான நோய்க்கும் அதுதான். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே போதும். அந்தப் பேரைச் சொல்லி எத்தனை சினிமாவில் சிரிக்க வைத்திருக்கிறார்கள்! அந்த மதிலுக்கு உள்ளே 1960களில் நடந்த ஒரு வேலையைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஆனால் கொஞ்சம் இங்கிலாந்து போய்விட்டு வந்தால்தான் அதன் அருமை தெரியும்.

'கலை சிகிச்சை' என்ற பெயரே மனநல மருத்துவமனையில் பிறந்ததல்ல. காசநோய் விடுதியில் படுத்திருந்த ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், 1942 வாக்கில் புழக்கத்தில் விட்ட சொல் அது. அவரோடு சேர்ந்து மருத்துவமனைகளுக்குப் போய் ஓவியங்களைக் காட்டிப் பேசியவர்களில் ஒருவர் எட்வர்ட் ஆடம்சன். சர்ரே பகுதியில் நெதர்ன் என்று ஒரு பெரிய மனநல மருத்துவமனை. அங்கே ஆடம்சன் முதன்முறையாகப் பேசப் போனபோது ஒரு நோயாளி தான் வரைந்ததைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். தாள், கழிப்பறைக் காகிதம். மை, எரிந்த தீக்குச்சியின் கரி. வரைய வேண்டும் என்று தோன்றியவர் யாரும் சொல்லிக் கொடுக்கக் காத்திருக்கவில்லை, பாருங்கள்.

1946இல் ஆடம்சன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ் என்ற மருத்துவர்தான் அவரைக் கொண்டுவந்தார், அதுவும் ஆராய்ச்சிக்காக. விதி கறாரானது: நோயாளிக்கு வரையச் சொல்லித் தரக்கூடாது, படத்துக்கு அர்த்தம் சொல்லக்கூடாது, முடிந்த படம் மருத்துவரிடம் போக வேண்டும். அதே மருத்துவமனையில் மூளை நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும் நடந்துகொண்டிருந்தது. அதனால் இதை ரொம்பப் புனிதமான கதையாக நினைத்துவிட வேண்டாம். டாக்ஸ் 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போய்விட்டார். ஆடம்சன் 1981 வரை இருந்தார். 35 வருஷம்! ஆராய்ச்சிக்காகப் போட்ட 'குறுக்கிடாதே' என்ற விதி, காலப்போக்கில் அவருடைய சிகிச்சை முறையே ஆகிவிட்டது. மேசை, தாள், வண்ணம், தொந்தரவு செய்யாத ஒரு மனிதர், அவ்வளவுதான். அவர் சேர்த்து வைத்ததில் 5,000க்கு மேற்பட்ட படைப்புகள் இன்றும் இருக்கின்றன. லண்டன் வெல்கம் நிறுவனம் பாதுகாக்கிறது.

இப்போது சென்னை. 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற கம்பெனி மருத்துவர் தொடங்கிய சிறிய விடுதியில் ஆரம்பிக்கிறது மதராஸின் கதை. கீழ்ப்பாக்கம் வளாகம் 1871இல் 145 நோயாளிகளோடு திறந்தது. 1959இல் டாக்டர் சாரதா மேனன் அங்கே பணியில் சேர்ந்த காலத்தில் உள்ளே 2,000க்கும் மேற்பட்டவர்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். 1961இல் கண்காணிப்பாளர் ஆகி 1978 வரை நடத்தினார்.

குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் அப்போது வந்துவிட்டன. ஆர்ப்பாட்டம் அடங்கியது. சரி, அடங்கிய மனிதர் காலை பத்து மணிக்கு என்ன செய்வார்? நெதர்னில் ஆடம்சன் முன்னால் இருந்த கேள்வியும் இதேதான். சாரதா மேனன் எடுத்த வழி வேறு: தொழில்வழிச் சிகிச்சை. நெசவு, தையல், ரொட்டி சுடுவது என்று நாலு பேருக்குப் பயன்படும் வேலைகள்.

ஓவியத்தை விட இது மட்டம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறுமுகநேரியில் பாருங்கள், கொஞ்சம் கோட்டி என்று பேர் வாங்கியவன்கூட உப்பளத்துக்கு வேலைக்குப் போய் வந்தால் அந்த வீட்டில் அவனுக்குச் சோறும் ஒரு மூலையும் உண்டு. வேலைக்குப் போகாதவனைத்தான் 'எங்கேயாவது கொண்டுபோய் விடு' என்பார்கள். குடும்பம் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கையில் தொழில் இருக்க வேண்டும். சாரதா மேனன் ஓய்வுக்குப் பிறகு 1984இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியபோதும் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வைத்தான் கையில் எடுத்தார். 1992இல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

ஒரு குறை எனக்கு உண்டு. நெதர்ன் நோயாளி என்ன நினைத்தார் என்பதைப் பார்க்க ஒரு படமாவது இருக்கிறது. கீழ்ப்பாக்கத்து ரொட்டி அன்றன்றே தின்று தீர்ந்தது. பயன் இல்லாத ஒன்றைச் செய்துபார்க்கவும் நோயாளிக்கு நேரம் வேண்டும். கையில் தறி இருப்பவருக்குத் தூரிகையும் கொடுத்தால் என்ன?

இந்த இரண்டில் எதுவுமே கிடைக்காதவர்களும் நம்ம கடற்கரையிலேயே இருந்தார்கள். எங்க ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் ஏர்வாடி. நெல்லை ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்து தர்கா ஏர்வாடி. குணமாகும் என்ற நம்பிக்கையோடு குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்களைத் தனியார் விடுதிகள் கொட்டகைகளில் வைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு விடுதியில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி, ஓட வழியில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, விடுதிகள் மூடப்பட்டன. அங்கே இருந்தவர்களில் நோய் முற்றியவர்களை அரசு அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்த இடம் கீழ்ப்பாக்கம்.