கமாஸ்: சோறு போட்ட நீலப்பூ

ஓரிகனில் மகள் வீட்டுத் தோட்டத்தில் ஐப்பசியில் கமாஸ் கிழங்கு ஊன்றினேன்; சித்திரையில் நீலமாய்ப் பூத்தது. சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும். அமெரிக்காவின் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளுக்கு இதுதான் சோறு. குழியில் சூடேற்றிய கற்களோடு இரண்டு மூன்று நாள் வேகவிட்டால் தித்திக்கும்.

1805-இல் மேற்குக் கடலைத் தேடிப் போன லூயிஸ், கிளார்க் குழு பட்டினியோடு மலையிறங்கியபோது, நெஸ் பெர்ஸ் மக்கள் இதைக் கொடுத்துத்தான் பசியாற்றினார்கள்.

ஐடஹோவின் கமாஸ் வெளி பன்னாக் மக்களின் கிழங்குக் காடு. 1868 ஒப்பந்தத்தில் அதன் பெயர் 'கான்சாஸ்' என்று பதிவாகிவிட்டது. குடியேறியவர்களின் பன்றிகள் புகுந்து கிழங்கைத் தோண்டித் தின்றன. 1878-இல் அவர்கள் போருக்கு எழுந்தார்கள், தோற்றார்கள்.

பட்டாவில் பெயர் மாறி அலைந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.