ஒன்றுக்கு எதிராக 388

1941 டிசம்பர் 8ஆம் தேதி பிற்பகல். வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையிலிருந்து வெளியே வந்த அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர், சூழ்ந்துகொண்ட கூட்டத்துக்குத் தப்பித் தொலைபேசிக் கூண்டு ஒன்றினுள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். காவலர்கள் வந்து அவரை அவருடைய அலுவலகம் வரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்துக்கு ஆதரவாக 388 வாக்குகள் விழுந்திருந்தன. எதிராக விழுந்த ஒரே வாக்கு அவருடையது. அவர் பெயர் ஜெனட் ரேங்கின்.

1880இல் மொன்டானாவின் மிசூலா நகரருகே ஒரு பண்ணையில் பிறந்தவர் ரேங்கின். 1914இல் மொன்டானாப் பெண்கள் வாக்குரிமை பெற்றதில் அவரது உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. இரண்டே ஆண்டுகளில், 1916இல், குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று வென்று அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அந்நாட்டின் பல மாநிலங்களில் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1917 ஏப்ரல் 2ஆம் தேதி அவர் பதவியேற்றார். அன்று மாலையே அதிபர் வில்சன் ஜெர்மனி மீது போர் தொடுக்க அனுமதி கேட்டுக் காங்கிரஸ் முன் நின்றார். நான்கு நாட்களுக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில், முதல்முறை தம் பெயர் அழைக்கப்பட்டபோது ரேங்கின் வாய் திறக்கவில்லை. இரண்டாம்முறை எழுந்து, தாம் நாட்டின் பக்கம் நிற்கவே விரும்புவதாகவும், ஆனால் போருக்கு வாக்களிக்க இயலாதென்றும் சொன்னார். தீர்மானம் 373க்கு 50 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்களில் 49 பேர் ஆண்கள். எனினும் பெண் என்பதால்தான் மனம் தளர்ந்தார் என்ற ஏளனம் அவர் ஒருவருக்கே வாய்த்தது.

1918 ஜனவரியில் பெண்களின் வாக்குரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தின் மீது பிரதிநிதிகள் சபையில் விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. சபையில் நிறைவேறிய அத்திருத்தம் அப்போது செனட்டில் தோற்று, 1920இல்தான் சட்டமாயிற்று. அதற்குள் அவர் பதவியில் இல்லை. மொன்டானா இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவருக்கு அமைந்த தொகுதி எதிர்க்கட்சிக்குச் சாதகமாகிவிடவே, செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்தார். அடுத்த இருபதாண்டுகள் அமைதி இயக்கப் பணியில் கழிந்தன. ஜார்ஜியாவில், மின்வசதியற்ற எளிய வீடொன்றில் ஆண்டின் ஒரு பகுதியை வாழ்ந்தார்.

1940இல் போரெதிர்ப்பையே முன்வைத்து மீண்டும் வென்றார். அடுத்த ஆண்டு முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டது. இங்கே நாம் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. 1917இன் போரைப் பற்றிய ஐயங்களைப் பின்வந்த தலைமுறைகள் பகிர்ந்துகொண்டன. 1941 அப்படியல்ல. தாக்கப்பட்ட நாடு அது. எதிரே நின்றது பாசிசம். பெண்ணாகிய தாம் போர்முனைக்குப் போக முடியாத நிலையில், வேறெவரையும் அனுப்ப மறுப்பதாக ரேங்கின் சொன்ன வாதம் அந்தச் சூழலுக்குப் போதுமானதா? போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரோடு முற்றிலும் முரண்பட்ட பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட், அந்த வாக்கின் துணிவை மட்டும் போற்றி எழுதினார். நாமும் அவர் பக்கமே நிற்கிறோம். ஒருவரது முடிவை ஏற்க முடியாதபோதும், அவர் தம் வாக்காளர்களிடம் சொன்ன சொல்லைக் காத்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1942இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை.

காந்தியின் அறவழிப் போராட்டத்தால் ஈர்க்கப்பட்ட அவர், 1946 தொடங்கிப் பலமுறை இந்தியாவுக்கு வந்தார். 1968 ஜனவரி 15 அன்று, 87ஆம் வயதில், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் வாஷிங்டனில் நடத்திய பேரணிக்குத் தலைமை தாங்கினார். அந்த அணிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. 1973இல் கலிபோர்னியாவில் காலமானார்.

1985இல் அவரது சிலை அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் வைக்கப்பட்டது. அன்று கூண்டுக்குள் ஒளிய வைத்த கட்டடமே அவருக்குப் பீடமும் தந்தது. 2001 செப்டம்பர் 14 அன்று அதே சபையில், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் 420க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒருவர் பார்பரா லீ. அவரும் ஒரு பெண்.

தனி வாக்கு எந்தப் போரையும் நிறுத்தியதில்லை. ஆனால் ஒருமனதாக என்ற சொல்லை ஏட்டில் எழுதவிடாமல் அது தடுத்திருக்கிறது. பின்னொரு நாளில் கேள்வி கேட்க வருபவர்களுக்கு அந்தச் சிறு இடைவெளி தேவைப்படும் என்றே நாம் நம்புகிறோம்.