மண்டபம் முகாமும் ஒரு நச்சு மூலக்கூறும்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களின் வரலாறு என்றதும் கங்காணியும் கடனும் நினைவுக்கு வரும். அவ்வரலாற்றில் மனிதக் குடலுக்கும் ஓர் இடமுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதிக்குப் பலியானோர் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்துச் சோதித்தே அவர்களை மலையகத்துக்கு அனுப்பினர். ஆளைத் தடுத்தால் நோய் நிற்கும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

கொலராக் கிருமியை ரொபர்ட் கொக் 1884இல் கல்கத்தாவில் இனங்கண்டிருந்தார். அது எவ்வாறு கொல்கிறது என்பது தெளிவாக மேலும் 75 ஆண்டுகள் சென்றன. 1959இல் அதே நகரில் சம்புநாத் டே, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அத்திரவத்தை முயலின் குடலுள் செலுத்தினார். குடலில் நீர் பெருகியது. உயிரைப் பறிப்பது கிருமி சுரக்கும் நச்சு மூலக்கூறு என்பது புலனாயிற்று.

அம்மூலக்கூறு உடலின் காவலையும் எழுப்புகிறது. குடற்சுவரின் உட்படையில் டென்ட்ரிடிக் எனப்படும் நோயெதிர்ப்புக் கலங்கள் காத்திருக்கின்றன. கொலரா நச்சுப் பட்டதும் அவை இடம்பெயர்ந்து, ஏனைய எதிர்ப்புக் கலங்கள் குழுமியுள்ள பகுதியை அடைந்து பகைவனை அடையாளம் காட்டுவது எலிகளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அந்நச்சின் தீங்கற்ற பகுதி, வாய்வழித் தடுப்பு மருந்தொன்றில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனால் காவல் ஓயாது நடந்தால் உடலே விலை கொடுக்கிறது. அசுத்த நீரோடு நாள்தோறும் பலவகைக் கிருமிகள் புகுந்தால், எதிர்ப்புக் கலங்கள் இடைவிடாது திரண்டு குடற்சுவர் அழற்சியுறும். உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வது குறையும். குழந்தைகளின் வளர்ச்சி குன்ற இதுவும் ஒரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். வறுமை, தாயின் போசாக்கின்மை, குறைந்த பிறப்பு நிறை என வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் லயன்களுக்கு வரும் நீரை விட்டுவிட்டு இக்கணக்கை முடிக்கவியலாது. ஓடை நீரைச் சுத்திகரிக்காமலே குடிக்கும் தோட்டங்கள் இன்றும் உள்ளன.

தொழிலாளரைத் தடுத்துச் சோதிக்க முகாம் அமைக்க முடிந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரைச் சோதிப்பது அதனினும் கடினமான காரியமா?