மெட்டுக்குப் பட்ட கடன்

எங்கள் தேவதானத்துக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. சங்கரன்கோயில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று என்று பஞ்சபூதத் தலங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஆகாயம் எங்களூர்!" என்று முடிப்பார்கள். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில்தான் அந்த ஆகாயத் தலம். ஆகாயத்தின் குணம் சப்தம் என்று சாஸ்திரம் சொல்கிறது. அந்தத் தைரியத்தில், சங்கீதம் படிக்காத நான் ஒரு சங்கீத விஷயத்தை எழுதத் துணிகிறேன்.

'சிந்து பைரவி' படம் வந்த 1985ஆம் வருஷம். பட்டணத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒரு பாட்டை முணுமுணுத்தாள். எங்கேயோ கேட்ட மெட்டாக இருந்தது.

"என்ன ஆச்சி, சினிமாப் பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றேன்.

முறம் நின்றது. "சினிமாவாம் சினிமா! இது சென்னிகுளத்து ரெட்டியார் மெட்டுல்லா! எங்க அம்மை கழுகுமலைக்கு நடந்து போகையிலே பாடுனது. உங்க சினிமாக்காரன் அப்ப எங்கெ இருந்தான்?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆச்சி சொன்ன ரெட்டியார், காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார். கரிவலம்வந்தநல்லூரை அடுத்த சென்னிகுளம் அவருடைய ஊர். திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய், உ. வே. சாமிநாதையரிடமே பாடம் கேட்டவர். பிறகு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநெடுகப் பாடுவதற்காகப் பிறந்தது காவடிச் சிந்து என்பது வழிவழியாக வரும் செய்தி. 1891இல், இளம் வயதிலேயே, ரெட்டியார் காலமாகிவிட்டார்.

மேல்நாட்டில் ஒரு பாட்டுக்காரனின் முத்திரையை, அவன் ஸ்வரங்களைச் சேர்த்து அடுக்கி ஒலிக்க வைக்கிற விதத்தில் கண்டுபிடிப்பார்கள். நம் சங்கீதத்தில் அந்த அடுக்கு இல்லை. இங்கே பாட்டுக்காரனின் கைரேகையை நடையிலும் சந்தத்திலும்தான் தேட வேண்டும். காவடிச் சிந்தைக் கவனியுங்கள். தகிட தகிட என்று மூன்று மூன்றாக எண்ணிக்கை போகிறது. ஓர் அடி ஒரே மூச்சில் நீளமாக ஓடுகிறது. ஓடும்போதே எதுகைகள் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. பிறகு ஒரு குட்டித் துண்டு தனியாக நின்று, அடுத்த அடிக்குக் கை நீட்டுகிறது. காவடி தூக்கியவன் தோள் மாற்றிக்கொள்கிற இடம் அது என்று எனக்குத் தோன்றும். சந்தத்துக்கு அருணகிரிநாதர் முன்பே ராஜபாட்டை போட்டிருந்தார். அதை வெயிலில் நடக்கிறவனின் காலுக்குப் பொருத்திக் கொடுத்தவர் ரெட்டியார்.

காலுக்குப் பொருந்திய மெட்டுக்கு எந்த வாசலும் அடைப்பில்லை. காவடிக்கு முன்னால் போகிற நாகஸ்வரமும் தவிலும் அதை எடுத்துக்கொண்டன. சபாக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து, ரஸிகர்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில், வித்வான் செஞ்சுருட்டியில் ஒரு காவடிச் சிந்தை எடுப்பார், எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பரத நாட்டிய மேடையில் அதற்கு இடம் உண்டு. பெரியசாமித் தூரன் போன்ற பிற்காலத்துக் கவிஞர்களும் அந்த நடையில் பாட்டுக் கட்டினார்கள். இளையராஜா 'சிந்து பைரவி'யில் அதே செஞ்சுருட்டியைச் சித்ராவின் குரலில் ஒலிக்கச் செய்தார். தன் பிறப்பை ஊரறியச் சொல்ல முடியாத ஒரு பெண், தன்னையே காவடிச் சிந்து என்று சொல்லிப் பாடுகிற பாட்டு அது. தியேட்டரில் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிந்தின் தகப்பன் பெயர் தெரிந்திருக்கும்?

கடனை ஒளிக்காமல் சொன்னவர் ஒருவர் உண்டு. கழுகுமலைக்கு அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவர். ரெட்டியார் மறைந்தபோது அவர் சிறுபிள்ளை. பின்னாளில் தேசத்தையே தாயாக வைத்து 'எங்கள் தாய்' என்ற பாட்டை எழுதியபோது, பாரதி தலைப்பின் கீழே காவடிச் சிந்தின் இன்ன பாட்டு மெட்டு என்று குறித்துவைத்தார். முருகனுக்கு எடுத்த காவடி அப்படித்தான் பாரத மாதாவின் தோளுக்கு மாறியது. மகாகவிக்குச் சொந்தமாக மெட்டுக்குப் பஞ்சமா? வாங்கியதை வாங்கியது என்று எழுத அவருக்குக் கூச்சமில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் சங்கதி. ஆச்சி கேட்பதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதியிருந்தேன். அதில் களத்துமேட்டில் ஒருத்தி பாடிக்கொண்டே நெல் தூற்றுவாள். நான் மனத்தில் வைத்து எழுதியது ஆச்சியின் குரலைத்தான். ஆனால் காகிதத்தில் எழுதியது, "ஏதோ ஒரு நாட்டுப்பாடலை முணுமுணுத்தாள்" என்று! சென்னிகுளம் எங்களூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்த மனிதரின் பெயரை விசாரிக்காமல், ஊர் பேர் தெரியாத பாட்டாக்கிவிட்டேன். கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள்கூட அந்த வரியைத்தான் அழகு என்று எழுதினார்கள்.

மெட்டு பரவுவதற்குப் பெயர் வேண்டாம் என்பது உண்மைதான். ஜனங்கள் மறந்தால் அது பாட்டின் வெற்றி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பேனா பிடித்தவன் மறந்தால் அதற்கு வேறு பெயர்.

ஆச்சி இப்போது இல்லை. அந்தக் கதையின் அடுத்த பதிப்பில் ஒரு வரியைத் திருத்தினேன்: "ரெட்டியார் சிந்தை முணுமுணுத்தாள்." அச்சுக் கோப்பவருக்கு இரண்டு சொல் வேலை. எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.