மூக்கில் அடித்தால் மூச்சு வரும்

நலோக்சோன் பிறந்தது நியூயார்க்கில். ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டீன் இருவரும் 1961-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஃபிஷ்மன் நாஜிகளுக்குத் தப்பி, போலந்திலிருந்து ஷாங்காய் போய், அங்கே வளர்ந்து அமெரிக்கா வந்தவர். அவருடைய மருந்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி மருந்துக்கடை அலமாரிக்கு வர அறுபது வருஷம் ஆயிற்று.

ஹெராயினோ ஃபெண்டனிலோ அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும். மூளையில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும் அந்தப் போதையை எழுப்பிவிட்டு நலோக்சோன் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிஷங்களில் மூச்சு திரும்பும். 1971-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது ஊசி மருந்தாகத்தான். போதைக்கு அடிமையானவர்கள் கையிலேயே அந்த ஊசி மருந்துக் குப்பிகளைக் கொடுக்கத் துணிந்தது 1996-ல் சிகாகோ ரிகவரி அலையன்ஸ் என்ற அமைப்பு.

ஆனால் பதறும் கைக்கு ஊசி சரிப்படுமா? ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையில் மருந்தைப் பூஞ்சாரலாக்கும் கூம்பு ஒன்றைத் திருகி, மூக்கில் பீய்ச்சினார்கள். மஞ்சள் மூடிகளைக் கழற்று, கூம்பை மாட்டு, குப்பியைத் திருகு. உயிர் போகிற நேரத்தில் இத்தனை வேலை. அதோடு மருந்து 2 மில்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் பாதி. ஒரு துவாரம் தாங்குவதோ 0.1 அல்லது 0.2 மில்லிதான். மிச்சம் தொண்டைக்கு வழிந்து வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் முன்பே பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். அப்படியும் அது பலரைப் பிழைக்க வைத்தது.

மருந்து ஆராய்ச்சி என்றாலே புது மூலக்கூறு என்று நினைக்கிறோம். இங்கே நடந்தது தண்ணீர்க் குறைப்பு! பழைய குப்பியில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம். 2015 நவம்பரில் அனுமதி பெற்ற நார்கன் என்ற நலோக்சோன் ஸ்ப்ரேயில் 0.1 மில்லிக்குள்ளேயே 4 மில்லிகிராம். நாற்பது மடங்கு செறிவு. மாட்டவும் திருகவும் எதுவுமில்லை. முனைக்கு இருபுறமும் இரண்டு விரல், அடியில் கட்டைவிரல், ஒரே அழுத்து. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று காற்றில் அடித்துப் பார்த்தால் தீர்ந்தது. உள்ளே இருப்பது ஒரே வேளை மருந்து.

2023 மார்ச்சில் இந்த ஸ்ப்ரேக்கு மருந்துச்சீட்டே வேண்டாம் என்றது அமெரிக்க அரசு. அப்படிக் கடைக்கு வந்தபோது பெட்டி சுமார் 45 டாலர். கையில் காசில்லாதவனுக்கு அது எட்டாத விலைதான். பல ஊர்களில் தானியங்கி எந்திரங்களில் இலவசமாகவும் வைக்கிறார்கள். பெட்டிக்குள் இரண்டு ஸ்ப்ரே இருக்கும். முதலாவதற்கு அசைவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் மற்ற துவாரத்தில் அடிக்க வேண்டும். கண் விழித்தாலும் ஆளைத் தனியே விடக்கூடாது: போதை தெளிவதற்கு முன்பே மருந்தின் வீரியம் தீர்ந்துவிடலாம்.